வயது வந்தோரும் விஞ்ஞானக் கல்வியும்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நல்லொழுக்கத்தை இளமையிலேயே பழக்கவேண்டும் என்பதை வற்புறுத்த எழுந்த இப்பழமொழியைச் சிலர் கல்விக்கும் உரியதாகக் கொண்டுவிடுகின்றனர். அதிலும் விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே, ‘அது பள்ளிக்கூடத்தில் முறையாகப் படித்தவர்களுக்கு உரியது, இந்த வயதில் நமக்கு எதற்கு?’ என்று ஒதுங்கிக்கொள்வோர் பலர். கலைப்பிரிவிற் பயின்று பட்டம் பெற்று உத்தியோகம் பார்ப்பவரும் அவ்வாறே சொல்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்துக் கூடையைச் சுமக்கச் சென்ற தோட்டத் தொழிலாளியும் அவ்வாறே சொல்கிறார். இருவர் கூற்றும் ஆராயத்தக்கது.

இவ்வாறு ஒதுங்குவோரைக் குறைகூறுவதிற் பயனில்லை. தோட்டப்புறப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகங்களின் பொறுப்பில் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை எழுத்தையும் கணக்கையும் மாத்திரம் கற்பித்த ஆரம்பப் பாடசாலைகளே. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்ற பின்னரே விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் மெல்ல மெல்ல அங்கு வரலாயின. ஆகவே இன்று அறுபது வயதை எட்டியுள்ள ஒருவர் விஞ்ஞானம் பயிலாதிருந்தால் அது அறிவுக் குறைவன்று, வாய்ப்புக் குறைவேயாகும். கலைப்பிரிவில் படித்தவரின் நிலை வேறு. பதினாறு பதினேழு வயதில் ஒரு பிரிவைத் தெரிந்தெடுத்த அன்றே மற்றப் பிரிவின் கதவு தமக்கு என்றென்றைக்கும் அடைபட்டுவிட்டதென அவர் எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அக்கதவை அடைத்தவர் எவருமில்லை.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். வயது வந்த ஒருவர் அடிப்படை விஞ்ஞானம் கற்பது பரீட்சை எழுதுவதற்கோ, விஞ்ஞானி ஆவதற்கோ அன்று. மூன்று பழக்கங்களைப் பெறுவதே அவருக்கு இன்றியமையாதது. கண்ணால் மதிப்பதோடு நின்றுவிடாது அளந்து பார்த்தல் ஒன்று. ஒரு நிகழ்ச்சிக்குப் பெயர் தெரிந்ததோடு அமையாது அதன் காரணத்தைக் கேட்டல் மற்றொன்று. அக்காரணம் சரியாயின் அடுத்து இன்னது நிகழவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, அது நிகழ்கிறதா எனச் சோதித்தல் மூன்றாவது. இம்மூன்றும் கைவரப்பெற்றவர், எத்தனை சூத்திரங்களை மறந்திருப்பினும், விஞ்ஞானம் கற்றவரே.

வயது வந்தபின் விஞ்ஞானத்தைத் தொடங்கியோர் வரலாற்றில் இல்லாமலில்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டன் நகரில் ஜேன் மார்செற் என்ற பெண்மணி வாழ்ந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கல்வி மறுக்கப்பட்டிருந்த காலம் அது. அந்நகரின் றோயல் நிறுவனத்தில் ஹம்பிரி டேவி என்ற அறிஞர் நிகழ்த்திய இரசாயன விரிவுரைகளைக் கேட்க அவ்வம்மையார் சென்றார். பரிசோதனைகள் கண்ணைக் கவர்ந்தன. ஆனால் விடயம் மனத்திற் பதியவில்லை. பின்னர் நண்பர் ஒருவரோடு அவற்றைப்பற்றி உரையாடியும், பரிசோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்துமே அவர் தெளிவு பெற்றார். தாம் தெளிந்த வழியையே பிறருக்கும் காட்ட எண்ணி, ஓர் ஆசிரியையும் இரு மாணவியரும் உரையாடுவதுபோல் அமைத்து, இரசாயனத்தைப்பற்றி ஒரு நூல் எழுதினார். 1806ஆம் ஆண்டளவில் ஆசிரியர் பெயரின்றி அந்நூல் வெளிவந்தது.

அதே நகரில், கொல்லர் ஒருவரின் மகனாகிய மைக்கேல் பரடே என்ற இளைஞர் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களை வாசிப்பது அவர் வழக்கம். மார்செற் அம்மையாரின் நூல் அவர் கைக்கு எட்டியது. அதிற் சொல்லியவற்றை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. தம் சிறிய வருவாய்க்கு இயன்ற அளவில் பரிசோதனை செய்து சரிபார்த்தார். 1812இல் டேவியின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளைத் தாமே புத்தகமாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813இல் டேவியின் உதவியாளரானார். 1831இல், கம்பிச் சுருளினூடே காந்தம் அசையும்போது மின்சாரம் தோன்றுவதைக் கண்டறிந்தார். இன்று இலங்கையின் நீர்மின் நிலையங்கள் யாவும் அந்த உண்மையைக் கொண்டே இயங்குகின்றன. உயர்கணிதம் கற்கும் வாய்ப்பு அப்பேரறிஞருக்குக் கடைசிவரை கிட்டவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மொழியும் ஒரு தடையன்று. அமெரிக்க வைத்தியரான சமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கலானார். உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் தமிழில் எழுதுவதற்காகக் கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். ‘கெமிஸ்தம்’ என்ற பெயருடன் இரசாயன நூலொன்றும் 1875இல் தமிழில் வெளிவந்தது. அன்று தொடங்கிய பணி பின்னர் பலராலும் வளர்க்கப்பட்டு, இன்று இலங்கைப் பாடசாலைகளின் விஞ்ஞான நூல்கள் யாவும் தமிழிற் கிடைக்கின்றன. ஆதலால் ஆங்கிலம் தெரியாது என்பதை எவரும் காரணமாகக் காட்டவேண்டியதில்லை.

இவ்வரலாறுகளிலிருந்து பெறத்தக்க படிப்பினை ஒன்று உண்டு. மார்செற் அம்மையார் விரிவுரையைக் கேட்டமாத்திரத்தே தெளியவில்லை. செய்துபார்த்து, பேசிப்பார்த்துத் தெளிந்தார். பரடே தம் தொழிலுக்குள்ளே தமது பாடசாலையைக் கண்டார். சிறுவனுக்கு உலகம் புதிது. ஆகையால் அவன் பாடநூலின் முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கலாம். வயது வந்தவருக்கோ இருபது முப்பது ஆண்டுத் தொழிற் பழக்கம் இருக்கிறது. அப்பழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலாம் பக்கத்திற்குப் போவாராயின், விரைவிலேயே சலிப்புற்றுப் புத்தகத்தை மூடிவிடுவார். தாம் நன்கறிந்த தொழிலிலிருந்தே அவர் தொடங்குதல் வேண்டும். இதனை அப்புத்தளையைக் கொண்டு விளக்கலாம்.

அப்புத்தளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ‘ஸ்டோர்’ என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலை நல்லதோர் ஆய்வுகூடம். தோமஸ் லிப்டன் 1890இல் தம்பேதன்னையிற் கட்டுவித்த தொழிற்சாலை இவ்வட்டாரத்தில் நன்கறியப்பட்டது. மலையிலிருந்து வரும் கொழுந்து அங்கே வாட்டப்படுகிறது, உருளைகளில் அரைக்கப்படுகிறது, சிறிது நேரம் காற்றுப்படப் பரப்பி வைக்கப்படுகிறது, பின்னர் வெப்பக் காற்றில் உலர்த்தப்பட்டுத் தரம்பிரிக்கப்படுகிறது. இவ்வரிசை அங்குள்ளோர் அனைவருக்கும் மனப்பாடம். ஆனால் ‘ஏன் இவ்வாறு?’ என்ற வினாவை எழுப்பும்போதே விஞ்ஞானம் தொடங்குகிறது.

பச்சைக் கொழுந்தின் நிறையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு வரை நீராகும். முடிந்த தூளிலோ நூற்றுக்கு 3 பங்களவே நீர் இருக்கும். 100 கிலோ கொழுந்தில் 78 கிலோ நீர் எனக்கொண்டால், எஞ்சிய பொருள் 22 கிலோ மாத்திரமே. சிறிதளவு ஈரமும் சேர, கிடைக்கும் தூள் 23 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும் என்று தொழிற்சாலையில் சொல்லப்படும் கணக்கு இவ்வாறே வருகிறது. நூற்றுவீதக் கணக்கைப் பள்ளியில் வெறுத்தவரும், தாம் பறித்த கொழுந்தைக்கொண்டு அதனைச் செய்யும்போது எளிதில் விளங்கிக்கொள்கிறார்.

அரைத்த கொழுந்து பச்சை நிறம் மாறிச் செம்புநிறம் அடைவதை எல்லோரும் கண்டிருப்பர். இதனைப் ‘புளிக்கவிடுதல்’ என்பர். பெயரைக் கேட்பவர், தோசைமா புளிப்பதும் இதுவும் ஒன்றே என்று எண்ணக்கூடும். அவ்வாறன்று. தோசைமாவில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவை உண்டு பெருகி, அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. அதுவே உண்மையான நொதித்தல். தேயிலையில் நிகழும் மாற்றத்துக்கு நுண்ணுயிர்கள் காரணமல்ல. அரைக்கும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அவற்றுள் தனித்தனியே இருந்த நொதியமும் துவர்ப்புப் பொருளும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசன் அவற்றோடு சேரவே, நிறமும் மணமும் சுவையும் மாறுகின்றன. இதற்கு ஒட்சியேற்றம் என்று பெயர். வெட்டிவைத்த வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதும் இவ்வகை மாற்றமே.

இவ்விளக்கத்தை எவரும் அப்படியே ஏற்கவேண்டியதில்லை, அடுக்களையிலேயே சோதிக்கலாம். நொதியம் கடும் வெப்பத்திற் செயலிழக்கும் என்பது உண்மையாயின், கொதிநீரில் சில நிமிடம் இட்டெடுத்த வாழைக்காய்த் துண்டு கறுக்கக்கூடாது. இடாத துண்டு கறுக்கவேண்டும். இதனை முதலில் ஒரு தாளில் எழுதிவைத்து, பின்னர் இரு துண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். பச்சைத் தேயிலை பச்சையாகவே இருப்பதற்கும் இதுவே காரணம். அதன் கொழுந்துக்குத் தொடக்கத்திலேயே சூடேற்றிவிடுகிறார்கள். ‘புளிப்பு’ என்ற ஒரே சொல் இரு வேறு நிகழ்ச்சிகளை மறைத்து நின்றது என்பதைக் கண்டுகொண்டவர், பெயர் வேறு, காரணம் வேறு என்ற பெரிய பாடத்தைக் கற்றுவிட்டார்.

இனி, கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வரலாம். மழை நாளில் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென ஒரு நிறையைக் கழிப்பது தோட்டங்களில் வழக்கம். எவ்வளவு கழிப்பது நியாயம் என்பதில் நிறுப்பவருக்கும் பறிப்பவருக்கும் இடையே பேச்சு வளர்வதும் வழக்கம். இங்கே விஞ்ஞானம் செய்யக்கூடியது என்ன? ஈரக் கொழுந்து ஒரு கிலோவை நிறுத்தெடுத்து, பருத்தித் துணியில் பரப்பி, மேல்நீரை ஒற்றி எடுத்துவிட்டு மீண்டும் நிறுக்கலாம். குறைந்த நிறை மழைநீரின் நிறை என்று உடனே சொல்லிவிடலாமா? கூடாது. ஒற்றும் நேரத்திலே இலையின் உள்ளீரமும் சிறிது ஆவியாகிப் போயிருக்கலாம். சில இலைகள் துணியில் ஒட்டியும் போயிருக்கலாம். ஆகவே, மழையில் நனையாத கொழுந்து ஒரு கிலோவையும் அதே துணியில், அதே நேரம், அதே முறையிற் கையாண்டு நிறுத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஈரக் கொழுந்து 80 கிராமும் நனையாத கொழுந்து 10 கிராமும் குறைந்தனவாயின், மழைநீர் ஏறக்குறைய 70 கிராம் எனக் கொள்ளலாம். ஒருமுறை செய்தது போதாது. வெவ்வேறு மழை நாட்களில் பலமுறை செய்தல் வேண்டும்.

இவ்வாறு இரண்டை ஒப்பிட்டு, ஒன்றைத் தவிர மற்றவை யாவும் ஒத்திருக்கும்படி செய்வதே விஞ்ஞானிகள் கையாளும் ஒப்பீட்டுச் சோதனை. புதிய மருந்தொன்று பயனுடையதா எனத் தீர்மானிப்பதும் இம்முறையாலேயே. இதன்பின், கழிவைப்பற்றிய பேச்சு உரத்த குரலால் அன்றி எண்ணால் நடைபெறக்கூடும். பறிப்பவருக்கு மாத்திரமன்றி நிறுப்பவருக்கும் அது நன்மையே.

அப்புத்தளையின் உயரமும் ஓர் ஆசிரியர். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய மலைமுகட்டில் அந்நகர் அமைந்திருக்கிறது. கொழும்பிலிருந்து அங்கு குடிவந்த ஒருவர், பருப்பு வேக அதிக நேரம் எடுக்கிறதே என்று விறகையும் அடுப்பையும் நொந்துகொள்வதுண்டு. காரணம் அடுப்பிலன்று, காற்றிலுள்ளது. உயரம் கூடக்கூட மேலிருந்து அழுத்தும் காற்றின் அமுக்கம் குறைகிறது. அமுக்கம் குறையவே நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை செல்சியசு குறைவதாகக் கொள்ளலாம். அப்படியாயின் அப்புத்தளையில் நீர் ஏறக்குறைய 95 பாகையிற் கொதிக்கும். விறகை எவ்வளவு திணித்தாலும் திறந்த பானையில் அதற்குமேல் வெப்பநிலை ஏறாது. பிரஷர் குக்கரில் விரைவாக வேகுவதும் இதனாலேயே. உள்ளே ஆவியை அடைத்து அமுக்கத்தைக் கூட்டும்போது நீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடுகிறது.

இதனையும் சோதிக்க வழியுண்டு. பதுளை ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலை 1,890 மீற்றருக்கும் மேலே உள்ளது. மேற்சொன்ன விதி சரியாயின் நீர் பதுளையில் ஏறக்குறைய 98 பாகையிலும், பட்டிப்பொலையில் ஏறக்குறைய 94 பாகையிலும் கொதிக்கவேண்டும். பாடசாலை ஆய்வுகூடங்களில் உள்ளதைப்போல 110 பாகை வரை அளக்கும் வெப்பமானி ஒன்று கிடைத்தால், அவ்வூர்களிலுள்ள உறவினர் வீட்டு அடுப்பிலேயே இதனைக் கண்டறியலாம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது; உடைந்துவிடும்.

அதே காற்றமுக்கந்தான் அப்புத்தளையின் மூடுபனிக்கும் காரணம். தெற்கேயுள்ள தாழ்நிலத்திலிருந்து ஈரக்காற்று மலைச்சரிவின் வழியே மேலேறுகிறது. மேலேற மேலேற அமுக்கம் குறைவதால் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று தான் சுமந்துவந்த நீராவி முழுவதையும் தாங்கமாட்டாமையால், அது சிறு துளிகளாக ஒடுங்கிப் பனிமூட்டமாகிறது. இதற்கு மறுதலையும் உண்டு. ஆடி ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குன்றி, ஊவாப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறுகிறது, உலர்காற்றாக வீசுகிறது. ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணம் அந்த உலர்காலத்துக் கொழுந்திலேயே சிறப்பாக அமைகிறது. ஒரே விதி பனிக்கும் வறட்சிக்கும் தேநீரின் மணத்துக்கும் விளக்கம் தருவதைக் காண்பவர், விஞ்ஞானம் தனித்தனித் தகவல்களின் குவியலன்று என்பதை உணர்வார்.

இதுவரை சொல்லியவை அறிவுக்கு இன்பம் தருபவை. இனிச் சொல்லப்போவது உயிரோடு தொடர்புடையது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, அப்புத்தளை மலைத்தொடரின் தென்புறத்தில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து, லயன் வீடுகளையும் மனிதரையும் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று ஆய்வாளர் முன்னரே அறிவித்திருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெருந்துயர் அடைந்தது. ஊவா மலைகளில் வாழ்பவருக்கு மழையின் அளவும் மண்ணின் இயல்பும் வெறும் பாடப்பொருள்களாக இருக்க முடியாது.

‘நேற்று 100 மில்லிமீற்றர் மழை பெய்தது’ என்று வானொலி அறிவிக்கிறது. கேட்பவருள் எத்தனை பேருக்கு அதன் பொருள் விளங்குகிறது? ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் கொண்ட நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் கனவளவு ஒரு லீற்றர். அதன் நிறை ஒரு கிலோ. எனவே 100 மில்லிமீற்றர் என்பது ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 100 கிலோ நீர். ஏழு பேர்ச்சஸ் காணி ஏறக்குறைய 177 சதுர மீற்றர். அதில் விழுந்த நீர் 17,700 கிலோ. ஓர் ஏக்கர் சரிவில் விழுந்த நீர் ஏறக்குறைய 405 தொன். அந்நீரில் ஒரு பகுதி ஓடிப்போகும். எஞ்சியது மண்ணுக்குள் இறங்கும்.

மண்ணுக்குள் இறங்கிய நீர் இரண்டு செயல்களைச் செய்கிறது. சரிவின்மேல் நிறையைக் கூட்டுவது ஒன்று. மண்துகள்களின் இடைவெளிகளை நிரப்பி, அத்துகள்களை ஒன்றிலிருந்தொன்று தள்ளி, அவற்றை இறுகப் பிடித்துவைத்திருக்கும் உராய்வைக் குறைப்பது மற்றொன்று. இரண்டாவது செயலே கொடியது. ஈர மணலைச் சிறுவர் கோபுரமாகக் கட்டுகின்றனர். அதே மணலில் நீர் நிறைந்துவிட்டால் கோபுரம் கரைந்து ஓடுகிறது. சிறிது நீர் மண்ணைப் பிணைக்கிறது. மிகுந்த நீர் பிரிக்கிறது. சரிவுகளில் வெட்டப்பட்ட கான்கள் அடைபடாமல் இருக்கவேண்டும் என்பதற்கும், மலையடியைச் சீவி வீடு கட்டுவது ஆபத்து என்பதற்கும் காரணம் இதிலிருந்தே பெறப்படும். முதலாவது, மண்ணுக்குள் இறங்கும் நீரைக் குறைக்கிறது; இரண்டாவது, மேலுள்ள மண்ணைத் தாங்கி நிற்கும் அடிப்பகுதியை அகற்றிவிடுகிறது.

மழையை அளக்கும் கருவி மிக எளியது. பக்கங்கள் நேராக நிற்கும் தகரப்பேணி ஒன்றும், மில்லிமீற்றர் குறித்த அளவுகோலும் போதும். மரத்தின் கீழோ கூரையின் ஓரமோ அல்லாத திறந்த வெளியில் அதனை நிறுத்தி, நாள்தோறும் ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை அளந்து எழுதி, நீரைக் கொட்டிவிட வேண்டும். ‘பேணியின் வாய் சிறிதாயின் மழை குறைவாகக் காட்டாதா?’ என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அகன்ற பேணியில் அதிக நீர் விழுகிறது. ஆனால் அந்நீர் அகன்ற அடியில் பரவி நிற்கிறது. ஆகவே உயரம் ஒன்றே. இரண்டு அளவுப் பேணிகளை அருகருகே வைத்து ஒரு மழையில் பார்த்துவிட்டால் ஐயம் நீங்கும்.

இலங்கையில் மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். இருபத்துநான்கு மணித்தியாலத்துள் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்துள் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறுதல் என்பது அதன் படிமுறை. தகரப்பேணியை அளப்பவருக்கு இவ்வெண்கள் வெறும் எண்களாக இரா. ஆயினும் எண்ணை மாத்திரம் நம்பியிருத்தலும் தகாது. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புத் தோன்றுதல், மரமும் கம்பமும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுப் புறப்படுதல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகியவை மண் நகரத் தொடங்கியதற்கு அறிகுறிகள். இவற்றைக் கண்டவர், அளவு எதுவாயினும், அறிவிப்பு வரும்வரை காத்திராது பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆபத்தை அறிந்தும் போக வேறிடம் இல்லாதவரை, அறிவு மாத்திரம் காப்பாற்றிவிடாது. பாதுகாப்பான நிலமும் வீடும் வேண்டும். ஆனால் அவற்றைக் கேட்கும்போதும், நாள்தோறும் எழுதிவைத்த மழைக்கணக்கும், வெடிப்பின் அகலம் மாதத்துக்கு மாதம் கூடிவந்ததைக் காட்டும் குறிப்பும் கையிலிருந்தால் அக்கோரிக்கை வலுப்பெறும்.

தொடங்க விரும்புவோர் செய்யத்தக்கவை சிலவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். ஐந்தாறு பேர் சேர்ந்து வாரத்தில் ஒரு மாலை கூடுவது நன்று. தனியே கற்பவர் விரைவிற் களைத்துவிடுவர். கூடும்போது வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். அக்கேள்வி தொழிலிலிருந்தோ அடுக்களையிலிருந்தோ தோட்டத்து மண்ணிலிருந்தோ எழுந்ததாக இருத்தல் வேண்டும். விடையை ஊகித்து எழுதிவைத்த பின்னரே சோதித்துப் பார்த்தல் வேண்டும். இல்லையேல், ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்று மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும். ஊகம் பொய்த்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. அன்றுதான் புதிதாக ஒன்று கற்கப்படுகிறது.

அடுத்தது நூல். ஆறாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரையுள்ள விஞ்ஞானப் பாடநூல்கள் அரசாங்கத்தால் இலவசமாக வழங்கப்பட்டுப் பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளின் பைகளுக்குள் இருக்கின்றன. கேள்வி எழுந்த பின்னர் அவற்றுள் உரிய பகுதியைத் தேடி வாசித்தால், சிறுவர் மூன்று தவணைகளிற் படிப்பதை வயது வந்தவர் சில வாரங்களில் விளங்கிக்கொள்வதும் கூடும். விளங்காத இடத்தைத் தம் பிள்ளையிடமே கேட்பதில் இழுக்கு ஏதுமில்லை. தாய்க்கும் தந்தைக்கும் ஒரு பாடத்தை விளக்கிச் சொல்லும் பிள்ளை, தானும் அதனை இருமடங்கு தெளிவாகக் கற்கிறது. பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் தோட்டப் பிள்ளைகள் பலர் இடறுவதற்கு, வீட்டில் அதைப்பற்றிப் பேச எவருமில்லாமையும் ஒரு காரணம். பெற்றோர் கற்கத் தொடங்கினால் அக்குறை ஓரளவு நீங்கும்.

கணக்கில் விகிதம், நூற்றுவீதம், தசமம், வரைபு ஆகிய நான்கும் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். அவற்றையும் தனியே உட்கார்ந்து கற்பதைவிட, மழைக்கணக்கையும் கொழுந்துக் கணக்கையும் வரைபாக இடும்போது கற்பதே எளிது. வானத்து விண்மீன்களையும் அணுவின் உள்ளமைப்பையும் அறியும் ஆவல் எழுவது இயற்கை. அவற்றுக்கும் காலம் வரும். அளக்கப் பழகிய கையோடு அங்கு செல்பவர், கேட்டதையெல்லாம் நம்பாது கேள்வி கேட்கவும் பழகியிருப்பார். இக்காலத்தில் நோய்க்கு மருந்தென்றும் உரத்துக்கு மாற்றென்றும் நாள்தோறும் பல செய்திகள் கைத்தொலைபேசி வழியே வருகின்றன. ‘எதனோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை முறை அளந்தார்கள்?’ என்ற இரு கேள்விகளே அவற்றுட் பலவற்றின் தரத்தைக் காட்டிவிடும்.

ஐப்பசியில் ஊவாவுக்கு மழை வரும். அதற்குமுன் ஒரு தகரப்பேணியும் ஓர் அளவுகோலும் ஒரு குறிப்புப் புத்தகமும் ஒவ்வொரு லயத்திலும் இருக்குமாயின், வயது வந்தோரின் விஞ்ஞானக் கல்வி அங்கே தொடங்கிவிட்டது எனலாம். அதற்குப் பட்டமும் வேண்டியதில்லை, கட்டடமும் வேண்டியதில்லை. முதல் நாள் அளவை எழுதுவதற்கு ஒருவர் முன்வந்தாற் போதும்.